குற்றவாளி எனப்பட்ட வ. உ. சிதம்பரம் பிள்ளை

குற்றம் என்பது யாது? இக்கேள்விக்கு விடை கூறுதல் எளிதென்று பலரும் கருதுவர். சட்டம் விலக்கியதைச் செய்தல் குற்றம், அதைச் செய்தவன் குற்றவாளி என்று கூறிவிட்டு அமைதியுறுவர். ஆயினும் சரித்திரத்தைச் சற்றே புரட்டிப் பார்ப்போர்க்கு அவ்வமைதி நிலைப்பதில்லை. கி.மு. 399-ஆம் ஆண்டில் ஏதென்ஸ் நகரத்து நீதிமன்றம் சாக்ரட்டீஸைக் குற்றவாளி எனத் தீர்த்து நஞ்சூட்டியது. பின்வந்த உலகமோ அவரை ஞானாசிரியர் எனக் கொண்டாடிற்று. நமது கொங்கு நாட்டிலே 1805-ஆம் ஆண்டில் கம்பெனியார் தீரன் சின்னமலையைச் சங்ககிரி மலைமீது தூக்கிலிட்டனர். கொங்கு மக்களோ அவரைத் தம் வீரராகப் போற்றி வருகின்றனர். கொலையும் களவும் எந்நாட்டிலும் எக்காலத்திலும் வெறுக்கப்படுவன. ஆனால் அவற்றிற்கு அப்பால், இன்ன செயல் குற்றம் இன்ன செயல் குற்றமன்று என்று வரம்பு கட்டும் கோல் யார் கையில் இருக்கிறதோ, அவர் விருப்பத்திற்கு ஏற்ப அவ்வரம்பு நகர்வதைக் காண்கிறோம்.

இவ்வுண்மையை நூல்களால் விளக்குவதினும் ஒரு வாழ்க்கையால் விளக்குதல் நன்று. அவ்வகையில், கோயம்புத்தூர்ச் சிறைச்சாலையில் செக்கிழுத்த ஸ்ரீ வ. உ. சிதம்பரம் பிள்ளையவர்களின் சரித்திரத்தினும் பொருத்தமானது நமக்கு வேறில்லை. அன்னார் குற்றவாளிகளுக்காக வாதாடும் வக்கீலாக இருந்தார், பின்னர்த் தாமே குற்றவாளி எனப்பட்டார், குற்றவாளிகளோடு ஓரிடத்தில் வாழ்ந்தார், அவர்களுக்கு ஆசிரியருமானார். நீதிமன்றத்தின் இருபுறத்தையும் கண்டவர் அவர்.

சிதம்பரம் பிள்ளை 1872-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 5-ஆம் நாள், திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்த ஒட்டப்பிடாரத்தில், உலகநாத பிள்ளைக்கும் பரமாயி அம்மையார்க்கும் மூத்த புதல்வராகத் தோன்றினார். அதே 1872-ஆம் ஆண்டில்தான் கோயம்புத்தூரில் மத்திய சிறைச்சாலை நிறுவப்பட்டது. ஒருவரையொருவர் அறியாமல் வளர்ந்த அவ்விரண்டும் முப்பத்தாறு ஆண்டுகளுக்குப் பின் சந்திக்க வேண்டியிருந்தது.

தந்தையார் வக்கீல் தொழிலில் பேர்பெற்றவர். புதல்வரும் சின்னாள் தாலூகா அலுவலகத்தில் எழுத்தராக இருந்து, பின்னர்த் திருச்சிராப்பள்ளி சென்று சட்டம் பயின்று பிளீடர் பரீட்சையில் தேறி, ஒட்டப்பிடாரத்தில் தொழில் தொடங்கினார். கிரிமினல் வழக்குகளே அவரிடம் மிகுதியாக வந்தன. பணமுள்ள கட்சிக்காரர்க்கே பேசுவது என்னும் வழக்கம் அவரிடம் இல்லை. ஏழையென்றும் எளியரென்றும் எவரும் கைவிட்டோர்க்காக அவர் நின்று வாதாடினார். பொய் வழக்குகளை உடைத்தெறிந்தமையால் போலீஸாருடைய பகைமை அவருக்கு வளர்ந்தது. அது கண்டு அஞ்சிய தந்தையார் 1900-ஆம் ஆண்டில் அவரைத் தூத்துக்குடிக்கு அனுப்பி, அங்கே தொழில் நடத்தச் செய்தார். ஒருவன்மீது குற்றம் சாட்டப்படுவது வேறு, அவன் குற்றம் செய்திருப்பது வேறு என்பதை இளமையிலேயே தம் தொழில் வாயிலாக அவர் கண்டறிந்திருந்தார் என்பதை நாம் மனத்திற் கொள்ளல் வேண்டும்.

சட்டம் வகுக்கும் குற்றம் ஒருபுறமிருக்க, ஊர் வகுக்கும் குற்றமும் ஒன்றுண்டு. அதனையும் பிள்ளையவர்கள் சுமந்ததுண்டு. கண்ணொளி இழந்தவரும், தாழ்த்தப்பட்ட குலத்தவர் எனப்பட்டவருமான இராமையா தேசிகர் என்னும் துறவியைத் தம் இல்லத்தில் வைத்துப் பேணி வந்தார். முதல் மனைவியார் வள்ளியம்மை தம் கையாலேயே அப்பெரியார்க்கு அன்னமிட்டு வந்தார். உற்றாரும் ஊராரும் முகம் சுளித்தனர். எந்தப் பீனல் கோடிலும் இச்செயலுக்குத் தண்டனை எழுதப்படவில்லை. ஆயினும் எழுதாத சட்டம் ஒன்று அவரைப் பழித்தது. கணவனும் மனைவியும் அப்பழியைப் பொருட்படுத்தினாரில்லை. ஒரு சமூகம் தன் வழக்கத்தினின்று விலகியவனை எங்ஙனம் நோக்கும் என்பதற்கு இஃதொரு சிறிய சான்று. பின்னால் வந்த பெரிய சோதனைக்கு இது முன்னுரை போன்றது.

தூத்துக்குடித் துறைமுகத்திற்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் வாணிகம் அக்காலத்தில் பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனியார் கையில் இருந்தது. சுதேசியப் பற்று நாடெங்கும் பரவிய அந்நாளில், 1906-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், பிள்ளையவர்கள் சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார். மூலதனம் பத்து லக்ஷம் ரூபாய். பங்கொன்று 25 ரூபாயாக 40,000 பங்குகள். மதுரைத் தமிழ்ச் சங்கத்தைத் தோற்றுவித்த பாண்டித்துரைத் தேவரவர்கள் அதன் தலைவராயினார். 1907-ல் காலியா, லாவோ என்னும் இரண்டு கப்பல்கள் கம்பெனிக்குரியனவாகத் தூத்துக்குடி வந்து சேர்ந்தன. எதிர்க் கம்பெனியார் கட்டணத்தைக் குறைத்தனர். இலவசமாகவே ஏற்றிச் செல்லவும் முன்வந்தனர். வாணிகப் போட்டி என்ற அளவில் இதில் எவர்பாலும் சட்டக் குற்றம் இல்லை. ஆனால் ஆள்வோர் இனத்தவரின் இலாபம் குறையத் தொடங்கியபோது, அதுகாறும் வியாபாரமாகத் தோன்றியது அரசாங்கத்தின் கண்ணுக்கு வேறாகத் தோன்றலாயிற்று.

1908-ஆம் ஆண்டு பிப்ரவரி மாத இறுதியில் தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். கூலி குறைவு, வேலை நேரம் மிகுதி, வார ஓய்வு இல்லை என்பன அவர்தம் குறைகள். பிள்ளையவர்களும் சுப்பிரமணிய சிவாவும் அத்தொழிலாளர்க்குத் துணை நின்றனர். சில நாட்களில் ஆலைக்காரர் இணங்கினர். பசித்தவனிடம் பொறுமையைப் போதிப்பதோடு நில்லாமல் அவன் கூலியை உயர்த்த முயன்றவர் பிள்ளையவர்கள் என்பது இங்கே குறிக்கத் தக்கது. மனிதன் கெடுவதற்கு அவன் வாழும் நிலைமையும் ஒரு காரணம் என்பதை அவர் நன்கு உணர்ந்திருந்தார்.

வங்கத் தலைவர் விபின சந்திர பாலர் சிறையினின்று விடுதலையடைந்த நாளாகிய மார்ச்சு 9-ஆம் தேதியைக் கொண்டாட ஏற்பாடாயிற்று. அதனையொட்டி மார்ச்சு 12-ஆம் நாள் பிள்ளையவர்களும் சிவாவும் கைது செய்யப்பட்டனர். மறுநாள் திருநெல்வேலியில் பெருங்கலகம் மூண்டது. பொதுக் கட்டடங்கள் தீக்கிரையாயின. துப்பாக்கிப் பிரயோகத்தில் நால்வர் மாண்டனர்.

வழக்கு இராஜத்துரோக வழக்கு. இந்தியப் பீனல் கோடு 1860-ல் இயற்றப்பட்டபோது அதில் இக்குற்றத்திற்கு இடமில்லை. 1870-ஆம் ஆண்டில்தான் 124-ஏ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. 1898-ல் அது மேலும் விரிவாக்கப்பட்டது. களவு நிகழ்ந்தால் பொருள் காணாமற் போகும். கொலை நிகழ்ந்தால் பிணம் கிடக்கும். இப்பிரிவின்கீழ்க் குற்றம் நிகழ்ந்தால் காணக்கிடைப்பது ஒன்றுமில்லை. அரசாங்கத்தின்மீது வெறுப்பும் அன்பின்மையும் மக்கள் உள்ளத்தில் எழச் செய்தல் என்பதே அக்குற்றத்தின் இலக்கணம். உள்ளத்து உணர்ச்சியைச் சட்டத்தின் துலாக்கோலில் நிறுக்க முற்பட்டால், நிறுப்பவன் மனமே படிக்கல்லாகிவிடும் அன்றோ? திருநெல்வேலி அடிஷனல் செஷன்ஸ் ஜட்ஜு பின்ஹே துரை 1908-ஆம் ஆண்டு ஜூலை 7-ஆம் நாள் தீர்ப்புரைத்தார். தாம் செய்த இராஜத்துரோகத்திற்காக இருபது ஆண்டுகளும், சிவாவுக்கு உடந்தையாயிருந்தமைக்காக இருபது ஆண்டுகளும் தீவாந்தர தண்டனை பிள்ளையவர்களுக்கு விதிக்கப்பட்டது. சிவாவுக்குப் பத்து ஆண்டுகள். கொலைகாரனுக்கு விதிக்கும் தண்டனை பேசியவனுக்கு விதிக்கப்பட்டது கண்டு நாடே திடுக்குற்றது. பிள்ளையவர்களின் தம்பி மீனாக்ஷிசுந்தரம் அச்செய்தியால் சித்தம் கலங்கினவர் மீண்டும் தெளியவேயில்லை. அவர் எக்குற்றமும் செய்தவரல்லர். ஆயினும் தண்டனை அவரையும் பற்றியது. ஒருவனுக்கு இடும் விலங்கு அவன் குடும்பத்தார் அனைவர் காலிலும் பூட்டப்படுகிறது என்பதை நீதி வழங்குவோர் நினைப்பது அரிது. மேல்முறையீட்டில் ஹைகோர்ட்டார் தண்டனையை ஆறு ஆண்டுகளாகக் குறைத்தனர். அந்தமான் செல்வதும் தவிர்ந்து, கடுங்காவலாயிற்று.

அத்தண்டனையின் பெரும்பகுதி நம் கோயம்புத்தூரில் கழிந்தது. 1908 ஜூலை முதல் 1910 டிசம்பர் வரை அவர் இங்கிருந்த மத்திய சிறையில் வைக்கப்பட்டார். முதலில் சணல் கிழிக்கும் இயந்திரத்தைச் சுற்றும் வேலை. எழுதுகோல் பிடித்த கைகள் தோலுரிந்து குருதி கசிந்தன. பிறகு எண்ணெய்ச் செக்கில் பூட்டப்பட்டார். மாடு இழுக்க வேண்டிய செக்கை வெயிலில் மனிதன் இழுத்தான். அச்செக்குகள் ஆட்டிய எண்ணெயின் விலை எத்துணை இருக்கும்? மாடு கிடைக்காத பஞ்சமும் கோயம்புத்தூரில் இல்லை. ஆகவே அவ்வேலையின் பயன் எண்ணெயன்று. ஒரு மனிதன் தன்னை மனிதன் என நினையாதிருக்கச் செய்வதே அதன் பயன். அந்நோக்கம் பிள்ளையவர்கள்பால் நிறைவேறவில்லை. சிறைக்கு வெளியே, கோவை வக்கீலும் சைவப் பேரறிஞருமாகிய சி. கே. சுப்பிரமணிய முதலியாரவர்கள், அக்காலத்தின் அச்சத்தைப் பாராது, பிள்ளையவர்களுக்கும் அவர் குடும்பத்தார்க்கும் உற்றுழி உதவினார். இராஜத்துரோகி எனப்பட்டவனோடு பேசுவதே சந்தேகத்திற்கு இடமாயிருந்த அந்நாளில், கோவை நகரம் தன் மானத்தைக் காத்துக்கொண்டது இவர் போன்ற சிலரால்தான்.

இனி, சிறையிலே பிள்ளையவர்கள் செய்த பணி ஒன்றை எண்ணிப் பார்ப்போம். மக்கள் ஏன் குற்றம் புரிகின்றனர் என்பது பற்றி அக்காலத்தில் பலவகைக் கொள்கைகள் உலவின. இத்தாலி நாட்டு வைத்தியர் லொம்ப்ரோஸோ 1876-ல் வெளியிட்ட நூலில், குற்றவாளி பிறவியிலேயே அங்ஙனம் பிறக்கிறான், அவன் மண்டையோட்டிலும் முகத்திலும் அதற்குரிய அடையாளம் உண்டு என்றார். இந்திய அரசாங்கமோ 1871-ல் ஒரு சட்டமியற்றிச் சில சாதியார் முழுமையையும் குற்றப்பரம்பரை எனப் பதிவு செய்தது. 1911-ல் அது சென்னை மாகாணத்திற்கும் விரிந்தது. தொட்டிலில் கிடக்கும் குழந்தையும் அச்சட்டத்தின் கண்ணில் குற்றக் குலத்ததாயிற்று. சென்னை மாகாணத்தில் 1947-லும், நாடு முழுமைக்கும் 1952-லும் அது நீக்கப்பட்டது. பிரான்சு நாட்டுப் பேராசிரியர் துர்க்கைம் மட்டும், ஒரு செயலை மக்கட் கூட்டம் வெறுப்பதனாலேயே அது குற்றமாகிறது என்றும், குற்றமே இல்லாத சமூகம் உலகில் இல்லை என்றும் கூறிப் பலரையும் சிந்திக்கச் செய்தார்.

பிள்ளையவர்கள் இக்கொள்கைகளை ஆராய்ந்து நூலெழுதினாரல்லர். ஆனால் குற்றவாளிகளோடு ஒரே கூரையின்கீழ் உண்டு உறங்கினார். மண்டையோட்டை அளந்தவர்க்குக் கிட்டாத அறிவு அவருக்குக் கிட்டியது. ஜேம்ஸ் ஆலன் என்னும் ஆங்கில ஆசிரியரின் நூலைச் சிறையிலிருந்தே மனம்போல வாழ்வு எனத் தமிழ்ப்படுத்தினார். அகமே புறம் என்பதும் அவ்வாசிரியர் நூலின் தமிழாக்கமே. பின்னர்க் கண்ணனூர்ச் சிறைக்கு மாற்றப்பட்டபோது, உடனிருந்த கைதிகளுக்கு நீதி நூல்களைக் கற்பித்து வந்தார். மெய்யறிவு, மெய்யறம் என்னும் அவர்தம் செய்யுள் நூல்கள் இரண்டும் அச்சிறை வாழ்வின் விளைவுகள். கள்வரென்றும் கொலைஞரென்றும் உலகம் ஒதுக்கியவர்கள் மாணாக்கராக அமர, இராஜத்துரோகி எனப்பட்டவர் ஆசிரியராக அமர்ந்து அறம் உரைத்த அக்காட்சி நினைக்குந்தொறும் நெஞ்சை நெகிழ்விப்பது.

இங்கே ஓர் ஐயம் எழலாம். மனிதன் எண்ணம் எப்படியோ அப்படியே அவன் வாழ்வு என்பது ஆலன் கொள்கை. செக்கில் பூட்டப்பட்டவர் இக்கொள்கையை எங்ஙனம் ஏற்றார்? அவர் எண்ணமா அவரைச் செக்கில் பூட்டியது? பசியால் திருடியவனிடம் உன் எண்ணமே உன்னைச் சிறைக்குக் கொணர்ந்தது என்பது நியாயமாகுமா? இவ்வையத்திற்குப் பிள்ளையவர்களின் வாழ்க்கையே விடையாக நிற்கிறது. கோரல் ஆலை வாயிலில் அவர் கூலியைப் பற்றிப் பேசினார். கண்ணனூர்ச் சிறையில் மனத்தைப் பற்றிப் பேசினார். வெளியே நின்று பிறனை நியாயந் தீர்ப்பவன் அவனது நிலைமையை நோக்கல் வேண்டும். உள்ளே இருந்து தன்னைத் திருத்திக்கொள்ள முயல்பவன் தன் மனத்தை நோக்கல் வேண்டும். இவ்விரண்டையும் இடம் மாற்றிக்கொள்வதால்தான் உலகில் கொடுமை விளைகிறது. நாம் பிறர் குற்றத்திற்கு அவர் மனத்தையும், நம் குற்றத்திற்கு நிலைமையையும் காரணமாகச் சொல்லிப் பழகியுள்ளோம். பிள்ளையவர்கள் இதற்கு நேர்மாறாக நடந்தார்.

அவர் சிறையிலிருந்த காலத்திலேயே, 1911-ல், சுதேசிக் கப்பல் கம்பெனி கலைக்கப்பட்டது. 1912-ஆம் ஆண்டு டிசம்பர் 24-ஆம் நாள் அவர் விடுதலையானார். கைது செய்யப்பட்ட நாளில் ஒரு ஜில்லாவே கொந்தளித்தது; விடுதலையான நாளில் வரவேற்கப் பெருங்கூட்டம் இல்லை. உடன் தண்டனையுற்ற சிவாவோ சிறையிலேயே பெருநோய்க்கு ஆளாகியிருந்தார்; அவர் 1925-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 23-ஆம் நாள் சேலம் ஜில்லாப் பாப்பாரப்பட்டியில் உயிர் நீத்தார். பிள்ளையவர்களின் வக்கீல் சன்னது பறிபோயிருந்தது. குடும்பத்தோடு சென்னையில் தங்கிச் சிறு கடைகள் வைத்தும் பிழைக்க முயன்றார். வறுமை அவரை விடவில்லை. சர்க்கார் விதித்த தண்டனை நான்கரை ஆண்டுகளில் முடிந்தது. சமூகம் விதித்ததோ முடிய மேலும் பல ஆண்டுகளாயின. அதனை விதித்தவர் எந்த வெள்ளைக்கார நீதிபதியுமல்லர். சிறையினின்று வந்தவன் என்றால் சற்றே ஒதுங்கி நிற்கும் நம் போன்றோரே.

பின்னர் அவர் கோயம்புத்தூருக்கே மீண்டும் வந்து, ஒரு பாங்கியில் மானேஜராகப் பணிபுரிந்தார். தம்மைச் செக்கில் பூட்டிய ஊரிலேயே பிழைப்புத் தேடி வந்தவர் அவ்வூரின்மீது வன்மம் பாராட்டினாரில்லை. வருவாய் போதாமையால் இழந்த சன்னதைத் திரும்பப்பெற விண்ணப்பித்தார். வாலஸ் என்னும் ஆங்கில நீதிபதி அதற்கு உதவ, சன்னது மீண்டும் கிடைத்தது. அந்நன்றியை மறவாது தம் கடைசிப் புதல்வனுக்கு வாலேஸ்வரன் எனப் பெயரிட்டார். ஆங்கில நீதிபதி ஒருவர் அவரைக் குற்றவாளி என எழுதினார். மற்றோர் ஆங்கில நீதிபதி அவ்வெழுத்தின் பயனைத் துடைத்தார். சிதம்பரம் பிள்ளை இடையில் மாறவில்லை. மாறியவை தீர்ப்பெழுதிய கையும் காலமும்தான். தம்மை வருத்திய இனத்தாரிலும் நல்லவரைக் கண்டபோது மகன் பெயரிலேயே அவரை நிலைநிறுத்தியது பிள்ளையவர்களின் நெஞ்சத்தின் அகலத்தைக் காட்டும்.

பின்னர்க் கோவில்பட்டியில் வக்கீலாக இருந்து, இறுதியில் தூத்துக்குடி சேர்ந்தார். 1927-ல் சேலத்தில் கூடிய மாகாண அரசியல் மகாநாட்டிற்குத் தலைமை வகித்தார். அரசியலினும் தமிழே அவருடைய பிற்கால நாட்களுக்கு ஆறுதலாயிற்று. திருக்குறள் அறத்துப்பாலுக்கு மணக்குடவர் உரையையும், தொல்காப்பியத்திற்கு இளம்பூரணர் உரையையும் ஆராய்ந்து பதிப்பித்தார். தாமும் அறத்துப்பாலுக்கு உரை கண்டார். 1936-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 18-ஆம் நாள் தூத்துக்குடிக் காங்கிரஸ் அலுவலகத்தில் அவர் ஆவி பிரிந்தது.

அதன்பின் நிகழ்ந்தவை நாம் அறிந்தனவே. அவர் பிறந்து நூறாண்டு நிறைந்த 1972-ல் இந்திய அரசாங்கம் அவர் உருவம் பொறித்த தபால் தலையை வெளியிட்டது. தூத்துக்குடித் துறைமுகம் அவர் பெயரைத் தாங்கியுள்ளது. அவர் இழுத்த செக்கு நினைவுச் சின்னமாகப் போற்றப்படுகிறது. கோயம்புத்தூரில் அச்சிறைக்கு அணித்தாகவே அவர் பெயரால் பூங்கா அமைந்தது. அவரைத் தண்டித்த 124-ஏ பிரிவோ விடுதலைக்குப் பின்னும் சட்டப் புத்தகத்தில் இருந்தது. 1962-ல் சுப்ரீம் கோர்ட்டு அதன் எல்லையைச் சுருக்கி, வன்முறைக்கோ கலகத்திற்கோ தூண்டுவதை மட்டுமே அது தொடும் என்றது. 2022-ல் அதே நீதிமன்றம் அதனைப் பயன்படுத்தாது நிறுத்தி வைத்தது. 2024 ஜூலை முதல் தேதி பழைய பீனல் கோடே நீங்கிப் புதிய சட்டம் வந்தது. ஆயினும் நாட்டின் ஒற்றுமைக்கு ஊறு செய்தல் பற்றிய பிரிவொன்று அதிலும் இடம்பெற்றுள்ளது. எங்கே கண்டனம் முடிந்து குற்றம் தொடங்குகிறது என்னும் கேள்வி அவர் காலத்தோடு தீர்ந்துவிடவில்லை.

இச்சரித்திரத்தால் சட்டமே வேண்டாவென்றோ, குற்றவாளிகள் யாவரும் தியாகிகள் என்றோ கொள்ளற்க. பிள்ளையவர்கள் சட்டத்தைக் கற்றவர், சட்டத்தால் பிழைத்தவர், சிறைத் தோழர்க்கு அறத்தையே போதித்தவர். களவைக் களவென்றும் கொலையைக் கொலையென்றும் அவர் அறிந்திருந்தார். நாம் கொள்ள வேண்டியது இதுவே: குற்றவாளி என்னும் சொல் ஒருவன்மீது எறியப்படும்போது, அதனை எறிந்தவர் யார், எதன் பொருட்டு எறிந்தனர் என ஒருகணம் ஆராய்தல் வேண்டும். அச்சொல் உண்மையாகவே பொருந்துமாயினும், தண்டனை முடிந்து வந்தவனை மீண்டும் நம் முகத்தால் தண்டித்தல் தகாது.

நம்முள் பலர் நாளை வக்கீல்களாகவும், நீதிபதிகளாகவும், ஆசிரியர்களாகவும், அதிகாரிகளாகவும் ஆவர். ஒருவன் பெயருக்கு எதிரே ஒரு சொல்லை எழுதும் எழுதுகோல் அவர் கைக்கு வரும். அந்நாளில், வெயிலில் செக்கைச் சுற்றி நடந்த அந்த வக்கீலின் கால்களை அவர்கள் நினைவார்களாக.